மூன்றாம் அறையின் மினுக்கம்

யோகராஜா துடைத்த தரையில் குறை பிடிக்கிற ஆள் சுவிற்சர்லாந்தில் இன்னும் பிறக்கவில்லை. இதைச் சொன்னவர் யோகராஜாதான். ஆனால் மறுத்துச் சொல்லத் துன் நகரத்துத் தமிழர்களில் ஒருவரும் இருக்கவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இருபத்திரண்டு வயதில் ஒரு பையும் ஒரு குளிர்ச்சட்டையுமாக வந்து இறங்கி, அகதி முகாமில் ஆறு மாதம் கிடந்து, ஏரிக்கரை ஹோட்டலொன்றில் சட்டி கழுவி, பிறகு ஷ்லீரனில் பதினொரு மாடிக் கட்டடமொன்றைப் பொறுப்பெடுத்துத் துடைத்தவர். அந்தக் கட்டடத்து வரவேற்பு மண்டபத் தரையைக் கம்பனி முதலாளி படம் பிடித்துத் தன் விளம்பரத் தாளில் போட்டார். அந்தத் தாள் இன்றைக்கும் யோகராஜா வீட்டுச் சுவரில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது.

அறுபதை நெருங்கும்போது அவருக்கென்று ஒரு துப்புரவுக் கம்பனி இருந்தது. இரண்டு வான் வண்டிகள், இரண்டிலும் நீல எழுத்தில் அவருடைய பெயர். அவருக்குக் கீழே ஐந்து பேர் வேலை செய்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், பாயசம் வருவதற்கு முன் இந்த வரலாறு முழுவதையும் கேட்டு முடித்திருப்பார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் கோப்பை கழுவுகிறார்கள், நான் ஏழாம் வகுப்பு, எனக்குக் கீழே ஐந்து பேர் என்று கையை விரித்துக் காட்டுவார். அதில் பொய் கிடையாது. அத்தனையும் அவர் முதுகு வளைத்துச் சேர்த்தது.

அந்தக் கம்பனிக்கு வாய்த்த வேலைகளில் பெரியது ஒரு வாணவெடித் தொழிற்சாலை. துன் நகரத்திலிருந்து மலைப்பக்கமாக அரை மணித்தியாலம் வான் ஓட வேண்டும். தேசிய தினமான ஓகஸ்ட் முதலாம் திகதி இந்த நாட்டு வானத்தில் விரிகிற பூக்களில் ஒரு பங்கு அங்கேதான் பிறக்கிறது. தொழிற்சாலை என்றதும் ஒரு பெரிய கட்டடத்தை நினைக்கக் கூடாது. புல்மேடுகளுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்னக் கொங்கிறீற் அறைகள். மூன்று பக்கமும் முழ அகலச் சுவர். நாலாவது பக்கம் மட்டும் உதைத்தால் விழுகிற மெல்லிய பலகை. ஏதும் நடந்தால் வெடிப்பு அந்தப் பக்கத்தால் வெளியே போய்விடட்டும் என்பதுதான் யோசனை. ஒரு அறைக்கு ஒரு ஆள். அவருக்கு முன்னால் அன்றைய வேலைக்கு வேண்டிய வெடிமருந்துக்கு மேல் ஒரு கரண்டிகூட இருக்கக் கூடாது.

அங்கே யாரும் நெருப்புக்குப் பயப்படுவதில்லை. நெருப்புப் பெட்டி வெளிக் கதவையே தாண்டாது. பயமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு. மாரி காலத்தில் கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது சடசடக்கிறதே, கார்க் கதவைத் தொட்டதும் விரலில் சுள்ளென்று குத்துகிறதே, அதற்குத்தான். படித்தவர்கள் அதற்கு நிலைமின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடக்கிற நடையிலேயே அது உடம்பில் சேரும். சேர்ந்தது தெரியாது. இரும்பையோ பித்தளையையோ தொடும்போது குண்டூசி முனையளவு பொறியாகப் பாயும். வீட்டில் பாய்ந்தால் 'ஆ' என்று விரலை உதறிவிட்டுப் போகலாம். அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கு முன்னால் பாய்ந்தால் 'ஆ' என்று சொல்ல நேரம் கிடைக்காது.

அதற்காகவே அந்த அறைகளுக்குத் தனித் தரை. கறுப்பு நிறம், சோபையில்லாத தரை. ஆள் காலில் போடுகிற சப்பாத்தும் தனிச் சப்பாத்து. உடம்பில் சேர்வது சப்பாத்து வழியாகத் தரைக்கும், தரை வழியாக மண்ணுக்கும் சத்தமில்லாமல் இறங்கிவிட வேண்டும். வாசலில் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். சப்பாத்தோடு அதில் ஏறி நின்று ஒரு பொத்தானைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் உள்ளே போகலாம். எரிந்தது என்று பக்கத்தில் தொங்கும் தாளில் கையெழுத்தும் வைக்க வேண்டும்.

வருடத்துக்கொரு தடவை பாதுகாப்புப் பொறுப்பாளர் ஏபர்சோல்ட் எல்லாரையும் கூட்டி இருத்தி இதையெல்லாம் சொல்லுவார். மெலிந்த பெண்மணி, சிரிப்பு அபூர்வம். யோகராஜாவைப் பார்த்து ஒரு வசனத்தை மட்டும் தனியாகச் சொல்லுவார்: "தரையில் மெழுகு கூடாது. பொலிஷ் கூடாது. நாங்கள் தருகிற சவர்க்காரத் தண்ணீர் மட்டும்." யோகராஜா தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார். பதினாலு வருடம் பதினாலு கையெழுத்து. வானில் ஏறியதும் மனைவி கமலாசினிக்குப் போன் எடுத்து, "முப்பது வருசம் தரையோடை சீவிச்சவனுக்கு அந்த மனுசி தரையைப் பற்றிப் படிப்பிக்குதப்பா" என்பார்.

மூன்றாம் அறையில் மனோகரி வேலை செய்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது. புருஷன் போய் எட்டு வருடம். ஒரே மகள் யாதவி இங்கேயே பிறந்து, பேர்ணில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். மருந்து நிறுக்கிற வேலைக்கு நடுங்காத கை வேண்டும். மனோகரியின் கை அப்படி. அந்த வேலைக்கு அவளைச் சொல்லிவிட்டவர் யோகராஜா. பந்தியில் சொல்லுகிற வரலாற்றில் அதற்கும் ஓர் இடம் இருந்தது.

தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. ஸ்னூனி நேரம், அதாவது எல்லாரும் கைவேலையை விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கிற கால் மணித்தியாலம். சிற்றுண்டிச்சாலை மேசையில் யோகராஜா, மனோகரி, பொதி கட்டுகிற பகுதியில் வேலை செய்கிற கோபிசன், இன்னும் இரண்டு மூன்று பேர். யோகராஜா ஷ்லீரன் கதையைத் தொடங்கியிருந்தார்.

மனோகரி பாணைக் கடித்தபடி கேட்டாள்: "அண்ணை, உந்த ஷ்லீரன் தரையிலை முகம் பாத்துப் பொட்டு வைக்கலாமெண்டு சொல்லுவியளெல்லோ?"

"ஓம். வைச்சவையும் இருக்கினம்."

"அப்ப என்ர அறையிலை ஏன் என்ர சப்பாத்தே தெரியுதில்லை? கரிச்சட்டி மாதிரிக் கிடக்கு. வயது போட்டுதோ, இல்லாட்டி மினுக்கம் வாயிலை மட்டுந்தானோ?"

மேசை சிரித்தது. கோபிசன் கோப்பிக் கோப்பையை உயர்த்தி, "அக்கா, அண்ணை எல்லாப் பொலிஷையும் வானிலை எழுதின பேருக்கே பூசி முடிச்சிட்டார்" என்றான். மறுபடி சிரிப்பு. பக்கத்து மேசைப் போர்த்துக்கேயர்கள் பாஷை விளங்காமலே சேர்ந்து சிரித்தார்கள்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. திங்கட்கிழமை பாப்பம்" என்றார் யோகராஜா. அவரும் சிரித்தார். ஆனால் கோப்பியை முடிக்காமலே எழும்பிப் போனார்.

மறுநாள் வெள்ளி. மதியத்தோடு தொழிலாளர்கள் போய்விடுவார்கள். யோகராஜா வானிலிருந்து ஒரு பொலிஷ் கான் எடுத்து வந்தார். மூன்றாம் அறைக்கும் நாலாம் அறைக்கும் ஒரு பூச்சுப் பூசினார். மெல்லிய பூச்சு, வெங்காயத் தோல் அளவு. அந்த மனுஷி சொல்லுகிற சட்டமெல்லாம் வாளியோடு ஊற்றுகிற மடையர்களுக்கு என்று அவர் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டார். காய்ந்த பிறகு வாசலில் நின்று பார்த்தார். கறுப்புத் தரை குளத்துத் தண்ணீர் மாதிரி மினுங்கியது. கூரை விளக்கு தரைக்குள் இன்னொரு முறை எரிந்தது.

திங்கள் காலை மனோகரி மூன்றாம் அறை வாசலில் நின்று கூவினாள்: "ஐயோ அண்ணை, நான் தோத்தன்! உதென்ன செய்தனியள்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. முழங்காலிலை இருந்து தேய்ச்சனான். தேய்ப்பிலைதான் எல்லாம் கிடக்கு."

அவள் நம்பினாள். அவர் சொல்லி அவள் நம்பாதது எதுவும் இல்லை.

புதன்கிழமை வெளியே மைனஸ் பன்னிரண்டு. அப்படிக் குளிர்ந்த காற்றில் ஈரம் கிடையாது. அதைச் சூடாக்கி அறைக்குள் விட்டால் இன்னும் வறளும். காற்று வறண்டால் உடம்பில் மின்சாரம் கூடச் சேரும். ஈரப்பதம் காட்டும் முள் அனுமதித்த கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. வேலை செய்யலாம் என்று கணக்கு. பத்து மணி தாண்டிப் பத்து நிமிடம். மனோகரி தட்டிலிருந்து தராசுக்கு நாலு எட்டு நடந்தாள். பித்தளை அகப்பையை எடுக்கக் கையை நீட்டினாள். கிண்ணத்தில் இருந்தது முப்பது கிராம் மருந்து, ஒரு பிடி உப்பு அளவு.

யோகராஜா சிற்றுண்டிச்சாலையைக் கழுவிக்கொண்டிருந்தார். 'தும்' என்று ஒரு சத்தம், பனிக்கட்டி கூரையால் விழுகிற மாதிரி. வெளியே ஓடினார். மூன்றாம் அறையின் மெல்லிய பலகை, கட்டியவர்கள் நினைத்தபடியே, பனிக்கு மேல் விழுந்து கிடந்தது. வெள்ளைப் புகைக்குள்ளிருந்து மனோகரி நடந்து வந்தாள். முகக் கவசம் கறுத்திருந்தது. முகம் தப்பிவிட்டது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள், அது இன்னொருவருடைய கை போல.

"அண்ணை, நான் என்ன பிழை விட்டன்?" என்று கேட்டாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஒண்டுமில்லைப் பிள்ளை, ஒண்டுமில்லை. இரும். இதிலை இரும்." அவர் தன் சட்டையைக் கழற்றிப் பனியில் விரித்து அவளை இருத்தினார்.

அந்த நொடியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். விளங்கியது இரண்டு மணித்தியாலம் கழித்து. ஏபர்சோல்ட் ஒரு தாளோடு வந்து ஒவ்வொருவராய்க் கேட்டுக்கொண்டிருந்தார். யோகராஜாவிடம் வந்தபோது, "அறைத் தரையில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது பாவித்தீர்களா?" என்றார். அந்தக் கேள்வி காதில் விழுந்தபோதுதான் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். சப்பாத்து நல்ல சப்பாத்து. தரை நல்ல தரை. நடுவில் வெங்காயத் தோல் அளவு பொலிஷ். உடம்பில் சேர்ந்தது இறங்க வழியில்லாமல் அவள் விரல் நுனியிலேயே நின்றிருக்கிறது.

"நைன்" என்றார். இல்லை என்கிற அந்த ஜெர்மன் சொல் அவரைக் கேட்காமலே வாயால் வந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளி வீஸ் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "திங்கட்கிழமை வெளியிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள். மூன்றாம் அறைத் தரை எரிந்தும், தண்ணீர் அடித்தும் போய்விட்டது, அளக்க முடியாது. நாலாம் அறை அதே தரை, அதே வயது, இந்தக் கிழமை அதற்குள் யாரும் வேலை செய்யவுமில்லை. அதைத்தான் அளப்பார்கள். நீங்கள் வழமைபோலத் துடைத்து வையுங்கள்."

வழமைபோல என்று முதலாளியே சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு யோகராஜா சனிக்கிழமை காலை நாலாம் அறைக்குள் போனார். வெளியே வெயில் பனிமேல் அடித்துக் கண்ணைக் கூசச் செய்தது. பொலிஷை உரிக்கிற திரவத்தைத் தண்ணீரில் கலந்தார். இந்த முறை உண்மையாகவே முழங்காலில் இருந்தார். மூலையிலிருந்து மூலைக்கு, சாண் சாணாகத் தேய்த்தார். தரை தன் பழைய கரிச்சட்டி நிறத்துக்குத் திரும்பியது. வாழ்நாளில் ஒரு தரையை மங்கலாக்குவதற்காக அவர் பாடுபட்டது அந்த ஒரு நாள்தான். வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினார். "என்னப்பா, கையிலை என்ன?" என்றாள் கமலாசினி. "ஊத்தை" என்றார்.

திங்கட்கிழமை அளந்தார்கள். தரையில் குறையில்லை. மனோகரியின் சப்பாத்தை மருத்துவ உதவிக்காரர் வெட்டிக் கழற்றியதால் அதை அளக்க முடியவில்லை. மிஞ்சியது வாசலில் தொங்கிய கையெழுத்துத் தாள். அதில் மனோகரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஐந்து நாளுக்கும் கையெழுத்து வைத்திருந்தாள். விபத்து நடந்தது புதன்.

அந்தத் தொழிற்சாலையில் எல்லாருமே அப்படித்தான். திங்கள் காலையில் பேனை கையில் எடுத்தால் கிழமை முழுவதுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தமிழர், போர்த்துக்கேயர், இந்த நாட்டுக்காரர், எல்லாரும். சோதனை செய்யாமல் விடுகிறவர்கள் அல்ல. தட்டில் தினமும் ஏறுவார்கள், தாளில் ஒருநாள் எழுதுவார்கள். ஆனால் படம் பிடிக்கப்பட்டது மனோகரியின் தாள் மட்டும். அறிக்கை வந்தது: வேலையாள் சப்பாத்துச் சோதனை செய்யாமல் உள்ளே சென்றதாகக் கருத வேண்டியுள்ளது. பெரும் கவனயீனம். அந்த இரண்டு சொல்லால் வேலையும் போனது, காப்புறுதிக்காரரும் கையைச் சுருக்கினார்கள்.

விசாரணையில் மனோகரி தரையைப் பற்றிச் சொன்னது என்ன என்று யோகராஜா பின்னால் அறிந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொல்லியிருக்கிறாள்: "தரையில் பிழை இருக்காது. அந்தக் கிழமைதான் அண்ணை முழங்காலில் இருந்து தேய்த்துத் துடைத்தவர்."

இதோடு நின்றிருந்தாலும் ஒரு மாதிரி. மாசி மாதத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டில், வின்டர்தூரிலிருந்து வந்திருந்த தயாபரன் பலர் கேட்க விசாரித்தார்.

"என்ன யோகண்ணை, உங்கட இடத்திலை ஒரு பிள்ளைக்குக் கை எரிஞ்சதாம்? தரை கிரை பிழையோ?"

தரை என்று கேட்டதும் யோகராஜாவின் வாய் முந்திக்கொண்டது. "தரையோ? நான் துடைச்ச தரையை அளந்து பாத்துச் சேர்ட்டிபிக்கேற் குடுத்திருக்கிறாங்கள். அவ சப்பாத்தைச் சோதிக்கேல்லையாம். பாவம். என்ன செய்யிறது, கொஞ்சம் அவசரக்காரி."

அவசரக்காரி. அந்தச் சொல் பந்தியிலிருந்து பந்திக்குப் போனது. கடையில் ஒருவர் சொன்னார், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் இன்னொருவர் சொன்னார். ஒரு மாதத்தில் அது மனோகரியின் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சித்திரையில்தான் அவர் அவளைப் பார்க்கப் போனார். அதுவரை பழம், ஊட்டச்சத்து மாப்பேணி எல்லாம் கமலாசினியின் கையில் கொடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அன்று கமலாசினி, "நான் இனிப் போகேலாதப்பா. அண்ணை ஏன் வரேல்லை எண்டு ஒவ்வொரு முறையும் கேக்கிறா" என்று சொல்லிவிட்டாள்.

மனோகரியின் வலது கை, தோலை இறுக்கிப் பிடிக்கிற ஒரு மண்ணிற உறைக்குள் இருந்தது. இரண்டு விரல் மடங்கவில்லை. இடது கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். யாதவி மேசையில் அறிக்கையை விரித்து வைத்திருந்தாள். மஞ்சள் கோடு போட்ட பக்கங்கள்.

"மாமா, நல்ல நேரம் வந்தியள். நான் எதிர்ப்பு மனு எழுதப் போறன். இன்னும் ஒன்பது நாள்தான் கிடக்கு" என்றாள். அவளுடைய தமிழில் பேர்ண்காரரின் இழுப்பு இருந்தது. "எல்லாரும் திங்கட்கிழமையே கையெழுத்து வைக்கிறவை எண்டு நீங்கள் சொன்னால் காணும். நீங்கள் சொன்னால் அவை நம்புவினம்."

"சொல்லுறன் பிள்ளை. கட்டாயம்."

"வேண்டாம்" என்றாள் மனோகரி.

"அம்மா, திரும்பத் தொடங்காதையுங்கோ."

"உனக்கு விளங்காது." மனோகரி அவரைப் பார்த்துத் திரும்பினாள். "எனக்கே இப்ப ஐமிச்சமாக் கிடக்கண்ணை. நான் அண்டைக்குத் தட்டிலை ஏறினனானோ? ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ளை அந்தத் தட்டிலை ஏறி நிக்கிறன். ஒரு நாள் பச்சை எரியுது. ஒரு நாள் எரியுதில்லை. ரெண்டும் உண்மை மாதிரித்தான் கிடக்கு. படிச்ச மனுசர் அளந்து எழுதியிருக்கினம். பொய்யே எழுதுவினம்? நான் ஏறாமல்தான் போயிருப்பன். நான் அவசரக்காரிதானே."

யோகராஜா எடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. அதை மேசையில் வைத்தார்.

"ஏறியிருப்பீர்" என்றார்.

"நீங்கள் நல்ல மனசிலை சொல்லுறியள். உங்களுக்குத்தான் நான் பெரிய கரைச்சல் குடுத்திட்டன். சொல்லி எடுத்துத் தந்த வேலை. உங்கட பேருக்கும் கெடுதிதானே. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். யோகராஜா எழுந்தார். வான் பிழையான இடத்தில் நிற்கிறது என்று ஏதோ சொன்னார். படியால் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். அவளுடைய கை மட்டும் எரிந்திருந்தால் அது என்றைக்காவது ஆறும். அவர் எரித்தது அவளுடைய நினைவையும். தான் செய்ததை அவளே செய்ததாக நினைக்கும்படி பண்ணிவிட்டார். முதுகு வளைத்துச் சேர்த்த பெயர், முகாமில் கிடந்த குளிர், பதினொரு மாடி, இரண்டு வான் என்று எதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலும் அது குறையவில்லை.

மறுநாள் காலை வேலை உடுப்பில்லாமல், கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டுப் போட்டுக்கொண்டு வீஸின் அறைக்குப் போனார். ஏபர்சோல்ட்டும் அங்கே இருந்தார். நின்றபடியே சொன்னார்: மூன்றாம் அறைக்கும் நாலாம் அறைக்கும் தான் பொலிஷ் பூசியது, கேட்டபோது இல்லையென்றது, சனிக்கிழமை நாலாம் அறையை உரித்தது. தன்னுடைய உடைந்த ஜெர்மனில், ஒன்றன்பின் ஒன்றாக.

வீஸ் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "நீங்கள் நல்ல மனிதர். உங்கள் ஆட்களுக்காக நிற்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. ஆனால் பதினாலு வருடத்தில் நீங்கள் ஒரு விதியையும் மீறியதை நான் கண்டதில்லை. தரையை அளந்தோம், அது நல்லது. வீட்டுக்குப் போங்கள்."

யோகராஜா தன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி நம்பவைத்தது இப்போது குறுக்கே வந்து நின்றது. பொய்யை அரை நொடியில் நம்பினார்கள். உண்மைக்குச் சாட்சி கேட்கிறார்கள்.

"அலுமாரி" என்றார். "நாலாம் அறையில் இரும்பு அலுமாரி. அதன் கீழே அளந்து பாருங்கள்."

"ஏன்?" என்று ஏபர்சோல்ட் கேட்டார்.

அவர் கையால் காட்டி விளக்கினார். அலுமாரிக்குக் கால் இருக்கிறது, நாலு விரல் உயரம். பொலிஷ் பூசும் தடி அதன் அடியில் போகும். ஆனால் முழங்காலில் இருந்து தேய்க்கிற கை போகாது. அன்று அவர் அலுமாரியை நகர்த்தவில்லை. தனியாள் நகர்த்த முடியாத பாரம். வழமையான துடைப்புத் தடி போய் வந்திருக்கும், ஆனால் அது பொலிஷை உரிக்காது. "அது அங்கே இன்னும் இருக்கிறது. நான் செய்யக் கூடாமல் செய்த வேலை" என்றார்.

மூன்று பேர் சேர்ந்து அலுமாரியைத் தள்ளினார்கள். வெளிச்சம் விழுந்ததும் அந்த இடம் மினுங்கியது, நீள்சதுரமாக, கோடு போட்டது போல. ஏபர்சோல்ட் அளக்கிற கருவியின் கனமான உருளையைத் தரையில் வைத்து வயரை இணைத்தார். முதலில் மங்கலான இடத்தில் அளந்தார். சரி. பிறகு மினுங்குகிற இடத்தில் வைத்தார். கருவியின் முள் ஓடிப்போய் மறுகரையில் முட்டிக்கொண்டு நின்றது. உருளையைத் தூக்கித் திரும்ப வைத்தார். மறுபடியும் அப்படியே.

வீஸ், முன்பு யோகராஜாவின் தோளில் வைத்த கையைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏபர்சோல்ட் மட்டும் குந்தியிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஒவ்வொரு வருடமும் உங்களுக்குச் சொன்னேன்."

"ஓம்" என்றார் யோகராஜா. தமிழில் சொன்னதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்றே ஒப்பந்தம் முடிந்தது. பொலிஸில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், வழக்கும் வரலாம் என்றார்கள். அறிக்கையைத் திருத்தி எழுதுவதாக ஏபர்சோல்ட் சொன்னார். யோகராஜா அதைக் கேட்டுக்கொண்டு நேரே மனோகரி வீட்டுக்குப் போனார். கடிதம் போய்ச் சேர்ந்து அவள் அறியக் கூடாது.

மனோகரி குசினியில் இடது கையால் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கதிரையில் இருக்காமல் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியை வைத்தாள்.

"அப்ப பச்சை எரிஞ்சது" என்றாள்.

"ஓம். எரிஞ்சது. நீர் ஏறினனீர்."

"நான் உங்களிட்டைத்தானே முதல்லை கேட்டனான். என்ன பிழை விட்டன் எண்டு."

"ஓம்."

"மூண்டு மாசம். ஏன் சொல்லேல்லை?"

"பயம், பிள்ளை. பேருக்கு."

"உங்களுக்குத்தான் பேர் இருக்கோ? எனக்கு இல்லையோ?"

அவர் குனிந்து நின்றார். அறுபது வயதில், கோட்டுப் போட்டபடி, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளை மாதிரி. "என்னை மன்னிச்சு..." என்று தொடங்கினார்.

"அதைக் கேக்காதையுங்கோ. அது பேந்து பாப்பம், வருமோ வராதோ எனக்குத் தெரியாது." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "பேப்பரிலை திருத்தி எழுதட்டும். சந்தோசம். ஆனா எங்கட சனம் அந்தப் பேப்பர் வாசிக்காது. அவசரக்காரி எண்டு ஆர் ஆருக்குச் சொன்னியளோ, அவைக்கு உங்கட வாயாலை சொல்லுங்கோ."

"அது... உமக்குத் தெரியுமோ?"

"துன் எவ்வளவு பெரிய ஊர் அண்ணை?" அவள் கத்தியை எடுத்தாள். "சனிக்கிழமை பள்ளிக்கூட விழா. எல்லாரும் வருவினம். நான் வரமாட்டன். நீங்கள் போங்கோ."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் பிள்ளைகளின் நடனம் முடிந்து, சாப்பாடு தொடங்கியிருந்தது. யோகராஜா தட்டு எடுக்கவில்லை. தயாபரன் குடும்பம் இருந்த மேசைக்குப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். இருந்ததுமே ஒருவர் மற்றவரை முழங்கையால் இடித்தார்.

"யோகண்ணை வந்திட்டார். இனிப் பாயசம் ஆறீடும்."

"இல்லை. ஒரு கதை சொல்ல வேணும். மனோகரியின்ர கை எரிஞ்சது என்னாலை."

சிரித்தார்கள். இது புதுவிதமான தொடக்கம் என்று நினைத்திருப்பார்கள். தயாபரன், "ஓ, இப்ப அதிலும் உங்கட பேர்தானோ முன்னுக்கு?" என்றார்.

யோகராஜா சிரிப்பு அடங்கும்வரை இருந்தார். பிறகு முதலிலிருந்து சொன்னார். பூசியது, மறைத்தது, உரித்தது. அவசரக்காரி என்று இதே தயாபரனிடம் தான் சொன்னது. இடையில் ஒரு பெண் சோற்றில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பிள்ளை?" என்றார் தயாபரன்.

"அந்தப் பிள்ளை ஒரு பிழையும் விடேல்லை. சப்பாத்தைச் சோதிச்சுத்தான் போனவ. நீங்கள் வின்டர்தூரிலை ஆருக்குச் சொன்னியளோ, அவைக்கும் இதைச் சொல்லுங்கோ."

ஒருவர் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளினார், பிறகு ஏனோ திரும்ப எடுத்துக்கொண்டார். யோகராஜா எழுந்தார். மண்டபத்தில் இன்னும் பதினொரு மேசைகள் இருந்தன. அடுத்த மேசையில் கோபிசன் இருந்தான், மனைவியோடும் மாமனார் மாமியாரோடும். அவர் வருவதைக் கண்டு எழும்பி, "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்று கதிரையை நகர்த்திக் கொடுத்தான்.

அவர் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே தொடங்கினார்.